சித்தியின் மேல்வரிசை

12 ஜூன் 1942, வெள்ளி. இராஜபாளையம்

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன், புரியாததையும் எழுதுவேன். இப்போதைக்குப் புரியாததுதான் அதிகம்.

செல்லத்தாய் சித்தி வேலைக்குப் போகப்போகிறாளாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பல் டாக்டர் வேதசிரோமணி, பெண் நோயாளிகள் பயப்படாமல் இருக்க ஒரு பெண் உதவியாளரைத் தேடுகிறார். சித்தப்பா ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தார். அங்கே குண்டு விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை.

"எம்புட்டு நாளைக்குக்கா உங்க சோத்தையே திங்கறது?" என்றாள் சித்தி.

"யாராச்சும் சொல்லிக் காமிச்சாகளாட்டி?" என்றாள் அம்மா.

அப்பா பேப்பரைத் திருப்பினார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

14 ஜூன், ஞாயிறு

உதவியாளர்களுக்கான சின்ன இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை டாக்டர் கொடுத்தனுப்பியிருக்கிறார். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம். படித்துத் தமிழில் சொல்கிறேன். முன்பற்கள் வெட்ட, கோரைப்பல் கிழிக்க, கடைவாய்ப் பற்கள் அரைக்க. ஈறுக்கு வெளியே தெரிவது கிரீடம், உள்ளே இருப்பது வேர். ஆனால் மேல்வரிசையில் கிரீடம் கீழே தொங்குகிறது, வேர் மேலே போகிறது! தலைகீழாகத் தொங்குவதைக் கிரீடம் என்று எப்படிச் சொல்வது?

பல்லின் மேலே எனாமல். அதன் அடியில் மஞ்சளாக ஒன்று. நடுவில் இரத்தமும் நரம்பும். எனாமல் என்றால் நம் வீட்டுத் தட்டில் இருப்பதா? அதைப் பல்லுக்கு யார் பூசினார்கள்?

சித்தி முறுக்கு மாவில் கடைவாய்ப்பல் செய்து பார்த்தாள். மேலே மேடு பள்ளம், கீழே இரண்டு வேர். அம்மா எட்டிப் பார்த்து, "உப்புப் போட்டீகளா?" என்றாள்.

17 ஜூன், புதன்

தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்கிறது புத்தகம். அடுத்த பக்கத்திலேயே, மேலே படிந்து படிந்து வரும் கறை போகப் பல்லைத் தேய்த்து மெருகேற்றுவது எப்படி என்றும் இருக்கிறது. ஒன்றும் விளங்கவில்லை.

20 ஜூன், சனி

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற கரிவண்டி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாவில் செய்த பல்லைப் பார்த்து டாக்டர் சிரித்தார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சித்தி வாயைப் பார்த்தார்.

"இம்புட்டு வெத்தலைக் காவியோட நீங்க பக்கத்துல நின்னா, வாரவுகளுக்கு நான் என்னம்மா புத்தி சொல்றது? சுத்தம் பண்ணிட்டு வேலையில சேந்துக்கோங்க. வெத்தலையையும் விட்ரணும்."

இவ்வளவு சுலபமா என்று எனக்கு மகிழ்ச்சி. சித்தி பஸ்ஸில் வெற்றிலைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான்தான் அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

21 ஜூன், ஞாயிறு

அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள்: "வெத்தல போடாத பொம்பள வாய் எவ வாயின்னு தெரியுமாட்டி? தாலியறுத்தவ வாய். எங்கொழுந்தன் உசிரோட இருக்கான்னு ஊருக்குச் சொல்றது அவ வாய் ஒண்ணுதான். அதயும் வெளுக்கப் போறீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. காவி எனாமலின் மேலே இருக்கிறது. அதைத் துடைத்தால் ரங்கூனில் இருப்பவருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இதை வகுப்பில் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் சாப்பிட்டதும் சித்தி தினம்போல வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா முட்டாள் இல்லையே?

27 ஜூன், சனி

பாவாடைத் துணி வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். எழுதிவிட்டேன்.

டாக்டர் முதலில் வளைந்த ஊசி போன்ற ஒன்றால் ஈறோரம் படிந்திருந்த கெட்டியைச் சுரண்டினார். பிறகு நுரைக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்தார். தையல் மெஷினைப் போல மிதிக்கிற இயந்திரத்தில் ஒரு சின்ன ரப்பர் கிண்ணம் சுழன்றது. அழுத்தக்கூடாது, ஒரே இடத்தில் வைத்திருக்கவும் கூடாது, பல் சூடாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். சித்தி துப்பியபோதெல்லாம் செங்கல் நிறத்தில் வந்தது. மேல்வரிசை முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினார்.

"போதும்யா" என்று சித்தி எழுந்துவிட்டாள்.

"கீழ்வரிசை கிடக்கேம்மா?"

சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

28 ஜூன், ஞாயிறு

தெரிந்துவிட்டது. தோசை தின்ன வாயைத் திறக்கத்தானே வேண்டும்! அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாப்பாடு ஆனதும் வெற்றிலைத் தட்டைச் சித்தி முன்னால் வைத்துவிட்டுப் போனாள். சித்தி எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"ஏன் சித்தி பாதியில எந்திரிச்சீக?"

"கண்ணாடியில வேற எவளோ இருந்தா."

மேலே வெள்ளை, கீழே சிவப்பு. சித்தப்பா இருக்கிறாரா, இல்லையா?

30 ஜூன், செவ்வாய்

சித்தி வெற்றிலையும் போடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போகவில்லை.

2 ஜூலை, வியாழன்

சேத்தூர் ஐயாதுரை வந்தார். சித்தப்பாவோடு அதே மில்லில் இருந்தவர். பர்மாவிலிருந்து மலை வழியாக நடந்தே தப்பி வந்திருக்கிறார். இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது.

"பாதி மலை வரைக்கும் ஒண்ணாத்தான் வந்தோம். அண்ணனுக்குக் காய்ச்சல். ஒரு மரத்தடியில உக்காந்துட்டாக. 'ஏலே, நீ முன்னால போ, செத்த நேரம் கழிச்சு நான் வாரேன்'னாக. பொறவு கூட்டம் தள்ளிருச்சு, மதினி."

"வாரேன்னுதான சொல்லிருக்கான்!" என்றாள் அம்மா. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சித்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "கால்ல செருப்புக் கெடந்துச்சா?"

"கெடந்துச்சு மதினி."

'வாரேன்' என்ற ஒரே சொல்லைக் கேட்டு அம்மா ஒன்று நினைக்கிறாள், அப்பா வேறு நினைக்கிறார். நான் எதை எழுத? உண்மையை எழுதுவேன் என்றேன். உண்மை எதுன்னு யாராச்சும் சொன்னாத்தான எழுத முடியும்?

4 ஜூலை, சனி

"அக்கா, கீழ்வரிசைக்குப் போயிட்டு வாரேன்." சித்தி வாசலில் நின்று சொன்னாள். பொய் இல்லை, முந்தானை இல்லை.

"அப்ப அவன் இல்லன்னே முடிவு பண்ணிட்டியாட்டி?"

"இல்லக்கா. அவுக வந்துட்டாகன்னா நாலு நாள் வெத்தல போட்டாச் செவந்துட்டுப் போகுது. எனாமலுக்கு மேல இருக்க கறை போகும், வரும்னு இவதான் படிச்சுச் சொன்னா. வார வரைக்கும் நான் என்னத்தப் பண்ணிக்கிட்டிருக்க?"

அம்மா உள்ளே போய்விட்டாள். கறையைப் பற்றித்தான் படித்தேன். சித்தப்பாவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. நான் சரியாகத்தான் தமிழில் சொன்னேனா?

இன்று டாக்டரிடமிருந்து கண்ணாடியைச் சித்தியே வாங்கி வைத்துக்கொண்டாள். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

6 ஜூலை, திங்கள்

சித்திக்கு முதல் நாள் வேலை. பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அம்மா, "நில்லுட்டி" என்றாள். சித்தியின் சின்னப் பொட்டைப் பெருவிரலால் அழித்துவிட்டு, குங்குமத்தை அள்ளி நெற்றி நிறைய வைத்தாள். "வாய்தான் வெளுத்துப் போச்சு. இதாவது பேசட்டும்."

சித்தி குனிந்து நின்றாள். அம்மா சம்மதித்துவிட்டாளா, சண்டை போடுகிறாளா, எனக்குத் தெரியவில்லை. தூக்குவாளியில் தயிர்ச்சோறும் கொடுத்தாள்.

சாயங்காலம் சித்தி கதை சொன்னாள். ஹாஜரா என்று ஓர் அம்மாள், பல் பிடுங்கி முடியும்வரை சித்தியின் கையை விடவே இல்லையாம். இப்போது அம்மா ஒற்றை ஆளாக வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறாள். "எனக்குந்தான் கடவாயி நாலு நாளா வலிக்கி. யாரு கேக்கா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வெளிச்சத்துக்கு வந்து வாயத் தொறங்கக்கா" என்கிறாள் சித்தி.

அம்மா முறைக்கிறாள். துப்பிவிட்டு வருகிறாள். விளக்கின் அடியில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். சித்தி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறாள்.

"வெளக்க அணைங்கப்பா, விடியக்காலம் எந்திரிக்கணும்" என்கிறார் அப்பா. "செத்த நேரம் இருங்க!" என்று அம்மா திறந்த வாயோடே சொல்கிறாள்.

சித்தி பார்த்து முடித்துவிட்டாள். விளக்கை அணைக்கிறார்கள், எழுத்து தெரியவில்லை.