புதன்கிழமைகளில் பன்னிரண்டரை

அப்பா,

இன்று புதன்கிழமை. பன்னிரண்டரைக்குச் சமையலறைச் சுவரில், வீட்டைச் சூடாக்கும் பொயிலர் 'டக்' என்றது. சற்று நேரத்தில் முன்னறை ஹீற்றரிலிருந்து தூசி சுடும் மணம் வந்தது. எவ்வளவு துடைத்தாலும் போகாத மணம். வேலை செய்துகொண்டிருந்த மேசையை விட்டு எழுந்து, வாசல் கதவைப் பார்த்தபடி நின்றேன். யாரோ வரப்போகிறார்கள் என்றுதான் அந்தச் சத்தம் இன்னமும் சொல்கிறது.

எரிவாயுக் காசுக்குப் பயந்து, நம் வீட்டில் ஹீற்றர் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். சட்டன் ஊரிலிருந்து மாமி ரயில் ஏறிவிட்டதாகத் தொலைபேசி வந்தால், "பிள்ளை, மாமி வாறாவாம், ஹீற்றரைப் போடு" என்று படிக்கட்டின் கீழே நின்று கத்துவீர்கள். மாமி போய்க் கதவு சாத்தியதும் நிறுத்திவிடுவீர்கள். "அவ விட்டிட்டுப் போன சூடு படுக்கிற வரைக்கும் காணும்."

"அப்ப அவவைக் கொஞ்சம் அடிக்கடி வரச் சொல்லுங்கோ. எனக்குக் கால் விறைக்குது" என்பார் அம்மா.

மற்ற நாட்களுக்கு உங்களிடம் வேறு வழிகள் இருந்தன. கடைகளில் வாங்கும் பொருள்களைச் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கை யன்னல் கண்ணாடிகளில் ஒட்டினீர்கள். ஹீற்றருக்குப் பின்னால், சமையலுக்கு வைத்திருந்த வெள்ளித் தாளைச் செருகினீர்கள். நீங்கள் இடுப்பில் உடுத்திய பழைய சாரம் ஒன்றைக் குழாயாகத் தைத்து, ஓட்டைக் காலுறைகளை அடைத்து, கதவின் அடியில் நீளமாகக் கிடத்தினீர்கள். அம்மா அதைத் தாண்டும்போதெல்லாம், "உங்கட பாம்பு ஒரு நாளைக்கு என்னை விழுத்தும்" என்று திட்டுவார்.

குடோனில் பெட்டி தூக்கி முதுகு போன பிறகு பகல் முழுவதும் நீங்கள் வீட்டில் தனியாக இருந்தீர்கள். அம்மா முதியோர் இல்லத்து வேலைக்குக் காலையில் போனால் ஆறரைக்குத்தான் வருவார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன். நம் குடும்பத்தில் முதலாவது ஆள். என் வகுப்பு நேர அட்டவணையை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் அப்பா இதை ஒட்டினனீங்கள்? வாற ஆக்கள் பார்த்தால் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். எனக்கு அது தேவை."

பெருமைக்காக என்று நினைத்தேன்.

நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடிக்கும். மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். ஒன்றும் தெரியாமல் நான் தடுமாறி நிற்க, "ஆர், கண் தெரியாத பட்டதாரியோ?" என்று சிரித்தபடி என் பையை வாங்குவீர்கள். மெல்லிய சட்டையோடு நிற்பீர்கள். கோட்டு கதிரையின் முதுகில் தொங்கும். பையை வாங்கும்போது உங்கள் விரல்கள் என் கையில் படும். ஐஸ் மாதிரி இருக்கும். இவை எல்லாவற்றையும் நான் பார்த்தேன் அப்பா. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

தை மாதம் உங்கள் இருமல் விடவில்லை. டொக்டரிடம் உங்களுக்காகக் கதைக்க வேண்டியவள் நான். அந்நியரோடு கதைக்கப் பயந்து, பஸ்ஸில் போகும்போதே ஆங்கில வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நான் எதிர்பாராத கேள்வியை அவர் கேட்டார். வீடு சூடாக இருக்கிறதா? உங்களைப் பார்த்தேன்.

"நல்ல சூடெண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அதோடு விடவில்லை. கதவைத் திறந்தால் என் கண்ணாடி மங்கிப்போகும் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். டொக்டர் சிரித்துவிட்டுக் கணினியில் எழுதிக்கொண்டார். மனப்பாடம் செய்யாத ஒரு வசனத்தை அந்நியர் ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது, "இண்டைக்கு நல்லாக் கதைச்சாய்" என்றீர்கள்.

பங்குனியில் மருத்துவமனையிலிருந்து உங்கள் கோட்டை மட்டும் கொண்டுவந்தோம். குளிர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

எரிவாயுக் கணக்கை என் பெயருக்கு மாற்றுவதற்காக இணையத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்தேன். எந்த மணிக்கு எவ்வளவு எரிந்தது என்று படம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒன்றுமே இல்லை. வெறும் கோடு. நாலரைக்கு ஒரு தூண் எழுந்து நின்றது. நான் ஐந்து மணிக்கு வருவேன். அடுத்த நாளும் அப்படியே. புதன்கிழமை மட்டும் தூண் இடம் மாறிப் பன்னிரண்டரையில் நின்றது. புதன்கிழமைகளில் எனக்கு ஒரு வகுப்புத்தான். ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

அது என் நேர அட்டவணை.

இப்போது நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். போன கிழமை அம்மா ஷிப்ட் முடிந்து நேரத்தோடு வந்துவிட்டார். உங்கள் கோட்டுக்குள் ஒடுங்கி நான் என் அறையில் கணினிக்கு முன்னால் இருந்தேன். அவர் ஹீற்றரில் கை வைத்துப் பார்த்தார்.

"நான் வாற நேரத்துக்கு மட்டும்தான் போடுறனியோ?"

"ஓம்."

"அந்த மனிசனுக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். இப்ப உனக்கும் சொல்லத் தொடங்க ஏலாது."

"உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"தெரியும். உன்னட்டைச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார். ஆறுதலா இருந்து படிக்க வேண்டிய பிள்ளை, இது தெரிஞ்சால் படிப்பை விட்டிட்டு வீட்டை ஓடி வந்திடும் எண்டார்." கட்டிலின் விளிம்பில் இருந்தார். "நீ போடு. அதுவரைக்கும் நான் என்ர கோட்டைக் கழட்ட மாட்டன்."

போட்டேன். அவர் நெடுநேரம் கழற்றவே இல்லை.

இப்போது காலை ஒன்பது மணிக்கு நான் இருக்கும் அறையில் மட்டும் ஹீற்றரைக் குறைவாகத் திறக்கிறேன். மற்ற அறைகளை மூடிவிடுகிறேன். கதவடியில் உங்கள் பாம்பு கிடக்கிறது. வெள்ளித் தாள் அப்படியே இருக்கிறது. நீங்கள் செய்த எல்லாவற்றையும் செய்கிறேன், ஒன்றைத் தவிர.

பொயிலர் தானாக எரியும்படி நீங்கள் அதில் குறித்து வைத்த நேரங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். புதன்கிழமைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதனால் கிழமைக்கு ஒரு முறை, ஆளில்லாத முன்னறை அரை மணி நேரம் எனக்காகச் சூடாகிறது. நான் போய் நிற்கிறேன். கண்ணாடி மங்குவதில்லை, நான் வெளியிலிருந்து வரவில்லையே.

வீடு சூடோ என்று யாராவது கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் ஹீற்றரில் கை வைத்துப் பார்க்கிறேன். பிறகு, பக்கத்தில் இருப்பவரின் விரல்களைத் தொட்டுப் பார்க்கிறேன்.