தூண்களுக்கு நடுவே நடந்த கல்யாணம்

அன்பு மகள் அனேலீஸுக்கு,

ரோட்ஸ்வீலரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் ஃபெர்னாந்தும் சுகம். மொன்றியலில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. எட்டு மாத வயிற்றோடு விமானம் ஏறாதே என்று சொன்னதே நான்தான், என் கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று இனியும் வருத்தப்படாதே. கல்யாணத்தன்று காலை போனில், அப்பா இருந்திருந்தால் அவரே ஃபெர்னாந்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்றாயே, அது போதும் எனக்கு. அப்போது பின்னால் ஒரே இரைச்சல், எதையும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை.

கல்யாணமே நின்றுபோக இருந்தது உனக்குத் தெரியாது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஃபெர்னாந்துக்குச் சக்கர நாற்காலிதான். சட்டப்படி மேயர் கல்யாணம் செய்து வைக்கும் மண்டபமோ நம் நகரமன்றத்தின் மாடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறி நடுவில் ஒன்றாகச் சேரும் அந்தக் கல் படிக்கட்டை, அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் மேலே நின்று தீர்ப்பு வாசிப்பதற்காகக் கட்டினார்கள், அவர்களில் ஒருவருக்கும் கால் விளங்காமல் போனதில்லை போலிருக்கிறது. மின்தூக்கி வைக்கலாமென்றால், நானூறு வருஷத்துக்கு மேலான அந்த ரோஜா நிறக் கல்லில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாதென்று பழஞ்சின்னத் துறை சொல்லிவிட்டது. தீயணைப்புக்காரர்கள் நாங்கள் தூக்கிவிடுகிறோம் என்று முன்வந்தார்கள். அதைக் கேட்டதும் ஃபெர்னாந்தின் முகம் சுருங்கிப்போயிற்று. "பியர் பீப்பாய் மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போய்த்தான் கல்யாணம்னா, அது வேண்டாம் மார்லீஸ்" என்றார். அப்புறம் பல நாள் என் போனையே எடுக்கவில்லை. இந்த வயதில் எனக்கெதற்கு இந்த ஆசையென்று நானும் தைக்கக் கொடுத்த நீல உடையைத் திரும்ப வாங்காமலே இருந்தேன்.

மேயர் மதாம் ஓஸ்டர்டாக் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவரே கீழே இறங்கி வந்து, படிக்கட்டின் அடியில் நின்று பேசினார். தூக்குவதில் அவமானம் ஒன்றுமில்லை என்று அவர் ஆரம்பித்ததும் ஃபெர்னாந்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எதையாவது தூக்கித்தான் ஆகணும்னா, மண்டபத்துல குடியரசுச் சின்னமா, சிலையா நிக்கிற அந்த மரியான் அம்மாவைத் தூக்கிட்டு வாங்க. குடியரசுக்கு ஒண்ணும் கூச்சம் கிடையாது" என்று வெடுக்கென்று சொன்னார். மேயர் சிரிக்கவில்லை. கீழ்த்தள வளைவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுவும் நகரமன்றம்தானே ஃபெர்னாந்த்" என்றார். அந்தக் காலத்தில் இறைச்சியும் தானியமும் விற்ற இடத்தில் யாருக்கும் கல்யாணம் நடந்ததில்லை என்று பதிவு எழுத்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேயர் மேலே எழுதிக் கேட்டு, அனுமதியை வாங்கியே விட்டார்.

நாம் சைக்கிள் நிறுத்தும் அந்த இடத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு. வளைவுக் கூரையில் இன்னும் இருக்கிற இறைச்சிக் கொக்கிகளில் எல்லாம் பூக்கூடை. துணி அளக்கச் சுவரில் பதித்த இரும்பு முழக்கோலுக்குக் கூட யாரோ ரிப்பன் கட்டியிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் மரியானைக் கம்பளியில் சுற்றி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இறக்கி வந்தார்கள். கல்யாணம் நடக்கும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது சட்டமல்லவா, அங்கே கதவே கிடையாது. மழை வேறு பிடித்துக்கொண்டது, சந்தைக்கு வந்தவர்களெல்லாம் பையும் கையுமாகத் தூண்களுக்கிடையில் ஒதுங்கினார்கள். மாடியில் என்றால் இதில் பாதிப் பேர் கூடக் கொள்ளாது. சம்மதமா என்று கேட்டதும் ஃபெர்னாந்த் பதற்றத்தில், ஆமாம் என்பதை நம் அல்சாஸ் பேச்சில் "யோ" என்றுவிட்டார். "பிரெஞ்சுலயும் ஒரு தடவை சொல்லிடுங்க, இல்லாட்டி எழுத்தருக்குத் தூக்கம் வராது" என்றார் மேயர். எல்லோரும் சிரித்தார்கள், நானுந்தான். என் அப்பா பிறந்ததை இதே நகரமன்றத்தில் ஜெர்மனில் பதிந்தார்கள், அவர் கல்யாணத்தைப் பிரெஞ்சில், சண்டையில் அவர் தம்பி செத்ததை மறுபடி ஜெர்மனில். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் ஆட்சி மாறும்போதெல்லாம் வாசல் நெற்றியில் கட்டடத்தின் பெயரைச் செதுக்கி எடுத்த பள்ளம், கல் நனைந்தால் இன்றும் தெரியும். இரண்டு மொழியையும் யாரும் தடுக்காமல் சொல்லிச் சிரிக்கிற நாளில் என் கல்யாணம் நடந்ததே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

குகெல்ஹோஃப் கேக்கும் வைனும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஃபெர்னாந்த் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார். "நீ ஒரு தடவை மாடிக்குப் போய்ட்டு வா. ஜெர்மேன்கிட்ட சொல்லிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்." உன் அப்பா ஜெர்மேனை நான் மணந்தது அந்த மண்டபத்தில்தான் என்பதை அவர் மறக்கவில்லை. படியேறிப் போனேன். ஒருவரும் இல்லை. அதே தேக்கு நிறப் பலகைச் சுவர், அதே வண்ணக் கண்ணாடி ஜன்னல், அன்று நாங்கள் உட்கார்ந்த பக்கத்தில் அதே வெளிச்சம். உன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த அறை எங்கள் இருவருக்குமானதாகவே இருந்துவிட்டது அனேலீஸ், ஃபெர்னாந்துக்கு அதில் ஒரு குறையுமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் தாயுமாக நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும். கனமான எதையும் தூக்காதே, பனியில் தனியாக நடக்காதே. வலி கண்டதும் இங்கே மணி என்ன என்று யோசிக்காமல் போன் செய், இருவருமே எழுந்து உட்காருவோம்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா மார்லீஸ்