எங்கள் ஏற்றமும் என் பின்சக்கரக் காரும்

நவம்பர் 3, திங்கள்

கார் வந்துவிட்டது! ஐம்பத்திரண்டு வயதில் என் பெயரில் முதல் கார். கரும்பச்சை. மின்சாரக் கார், மோட்டார் பின்னால், உருட்டுவதும் பின்சக்கரம். பனிக்கான ஆணி டயர் மாட்டியே கொடுத்தார்கள். மருந்துக்கடையில் வேலைக்கு நடுவே மூன்று முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அஸ்கையரும் வந்து பார்த்தான். இருபத்தெட்டு வருடம் புருஷன். ஏப்ரலிலிருந்து படகுத்துறைப் பக்கம் தனி வீடு. காரைச் சுற்றி வந்தான், டயரை உதைத்தான், தன் டிக்கியிலிருந்து வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்து என் டிக்கியில் போட்டான். "பின்சக்கர வண்டியை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற நம்ம ஏத்தத்துல ஏறப்போறியா? முதல் பனிக்கே எனக்கு போன் பண்ணுவ பாரு."

சுர்ரென்று வந்தது. ஏற்றத்தின் உச்சியில் இருக்கும் எங்கள் வீட்டை நான் வைத்துக்கொள்வதா, விற்பதா என்று ஆறு மாதமாக இழுபறி. "வருஷம் முடியறதுக்குள்ள அந்த ஏத்தத்துக்காக ஒரே ஒரு தடவை உனக்கு போன் பண்ணினா, வீட்டை விக்கக் கையெழுத்துப் போடறேன். பண்ணலைன்னா நீ அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றேன். சரி என்று கை கொடுத்தான். பக்கத்து வீட்டு ஐலிஃப் சாட்சி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா நான்?

நவம்பர் 6, வியாழன்

மழை. ரவுண்டானாவில் ஈர இலைகளின் மேல் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டேன். பின்பக்கம் ஓர் ஆட்டு ஆட்டியது! சக்கரம் சறுக்கினால் எரியும் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது, வண்டி தானே நேரானது. பயந்திருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

நவம்பர் 21, வெள்ளி

பனி. மானம் போயிற்று.

பனி விழுந்தால் எங்கள் ஏற்றத்தில் எல்லாரும் பின்னோக்கித்தான் ஏறுவோம். அடியில், அஞ்சல் பெட்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை மேட்டுக்குக் காட்டி, கழுத்தை முறுக்கிக்கொண்டு ரிவர்ஸில். அஸ்கையர் அப்படித்தான் ஓட்டினான், நானும் அப்படித்தான் பழகினேன். இன்றும் அப்படியே செய்தேன். பாதியில் சக்கரம் சும்மா சுழன்றது. வண்டி நின்றது. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, வந்த வழியே சறுக்கி இறங்கியது. ஒன்பது அஞ்சல் பெட்டிகள். ஒன்பதும் தரையில்.

ஐலிஃப் மணல் தூவும் டிராக்டரை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "ஏம்மா குன்வோர், எல்லார் வீட்டுத் தபாலையும் நீயே பிரிச்சுட்டியா?"

போனை எடுத்தேன். விரல் அஸ்கையர் பெயர் வரை போனது. பைக்குள் போட்டேன். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து ஏறினேன். குளிரில் கண்ணில் நீர் வந்தது. குளிரில்தான்.

நவம்பர் 22, சனி

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள் எல்லாரும்!

காபி குடிக்கும்போது உறைத்தது. ஏன் பின்னோக்கி ஏறுகிறோம்? மேடேறும்போது வண்டியின் கனம் கீழ்ப்பக்கம் விழுகிறது. உருட்டுகிற சக்கரம் அங்கே இருந்தால்தான் பிடிப்பு. அவர்களுடையது முன்சக்கர வண்டி, அதனால் முன்பக்கத்தைக் கீழே வைக்கிறார்கள். என்னுடையதோ பின்சக்கரம். நேராகப் போனாலே போதும்! பைஜாமாவின் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஏறியது. முகம் முன்னால், கால் மெதுவாக, ஒரே மூச்சில். ஜன்னல் ஜன்னலாகத் திரை விலகியது. மேலே போய் ஹாரன் அடித்தேன், வேண்டுமென்றே.

நவம்பர் 23, ஞாயிறு

அக்கம்பக்கம் எல்லாரும் கூடி அஞ்சல் பெட்டிகளைத் திரும்ப நட்டோம். வாஃபிள் நான் சுட்டேன். முப்பத்தொன்று. கேலியும் கிட்டத்தட்ட அத்தனை.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம்; ஜன்னலில் அட்வென்ட் நட்சத்திரம் மாட்டினேன். ஏறத் தெரிந்துவிட்டது, இறங்கத் தெரியவில்லை. வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன், பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. காலை எடுத்தால் இந்த வண்டியில் மோட்டாரே பிரேக் பிடிக்கிறது, அதுவும் பின்சக்கரத்தில் மட்டும். ஓடும்போது கைப்பிரேக்கை இழுத்த மாதிரி. அந்தப் பிடியைக் குறைக்க திரையில் ஓர் இடம் இருக்கிறது. ஆகக் குறைவாக வைத்தேன். இனி காலை எடுப்பதும் மெதுவாகத்தான். இருபது முறை ஏறி இறங்கினேன்.

டிசம்பர் 17, புதன்

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஐலிஃபின் மனைவி போர்ஹில்டை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். புது இடுப்பு மூட்டு, இரண்டு ஊன்றுகோல். பழைய பனி இறுகிக் கிடக்க, அதன் மேல் மழை. ஏற்றம் முழுக்கக் கண்ணாடி. ஐலிஃபும் டிராக்டரும் அக்கரைச் சாலையில். அவளால் நடக்க முடியாது.

முதல் முறை வளைவுக்குக் கீழேயே சக்கரம் சுழன்றது. ஊர்ந்து கீழே வந்தோம். பெட்டிகளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"அஸ்கையருக்கு போன் பண்ணிடு" என்றாள் போர்ஹில்ட். "நான் பாக்கல, கேக்கல. ஐலிஃப்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

அவளுக்கு வலி, உதடு வெளுத்திருந்தது. வலியில் இருக்கிறவளை உட்கார வைத்துவிட்டு என் வீம்பா? பண்ணிவிடலாம் என்றே நினைத்தேன். நிஜமாக. எண்ணைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது அவளே கேட்டாள். "உன் வண்டிக்குக் கனம் எங்க வேணும்?"

"பின்னாடி."

"அப்ப என்னை எதுக்கு முன்னாடி உக்கார வச்சிருக்க? கதவைத் திற." அங்குலம் அங்குலமாக நகர்ந்து பின்சீட்டுக்குப் போனாள். "எடையைக் குறைன்னு டாக்டர் கரடியாக் கத்தினார். நல்லவேளை, கேக்கல."

பனிக்காலத்துக்கென்று ஏற்றத்தின் அடியில் வைத்திருக்கும் மஞ்சள் பெட்டியிலிருந்து மணல் அள்ளினேன். சக்கரத்தடத்துக்குக் கொஞ்சம், மிச்சத்தை இரண்டு பையில் கட்டி டிக்கிக்குள். கிளம்பினோம். வளைவில் பின்பக்கம் விலகியது. கால் தன்னால் மேலே எழப் பார்த்தது. எடுக்காதே, எடுக்காதே, எடுக்காதே — ஸ்டியரிங்கை மட்டும் மெல்லத் திருப்பினேன். ஆரஞ்சு விளக்கு விடாமல் மினுக்கியது. போர்ஹில்ட் பின்னால் சங்கீதம் மாதிரி ஏதோ முனகினாள், பிரார்த்தனையோ கெட்ட வார்த்தையோ. ஆணிகள் கடித்தன. மேலே வந்துவிட்டோம்!

இரண்டு பேரும் அழுதோம். இன்றைக்குக் குளிர் என்று சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஐலிஃப் வாசலில் ஒரு லோடு மணல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். கேலி எதுவும் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

மறுபடி மழை, அடியில் பனி. மதியம் கிறிஸ்துமஸ் மரம் வாங்கி வந்தேன். காரின் தலையில் கட்ட அஸ்கையரின் கயிறு நன்றாக உதவியது. இன்றைக்குத்தான் அதற்கு முதல் வேலை. கூடத்தில் நிறுத்தி நட்சத்திரம் மாட்டிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது.

அஸ்கையர். "நிலவறையில என் ஸ்கீ இருக்குல்ல, எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். மூணு தடவை ரிவர்ஸ்ல ஏறிப் பாத்துட்டேன், முடியல. பெட்டிகிட்ட நிக்கறேன்." மூக்கை உறிஞ்சினான். "வந்து கூட்டிட்டுப் போறியா?"

சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. மெதுவாக இறங்கினேன். நனைந்துபோய் நின்றிருந்தான். முன்கதவில் கை வைத்தான்.

"பின்னாடி உக்காரு" என்றேன். "கனம் அங்கதான் வேணும்."

உட்கார்ந்தான்.