டோலக் வெளியே இருக்கட்டும்

வள்ளி அப்பாவுக்கு,

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள், போகிறேன். ரொட்டியும் சம்பலும் சட்டியில் மூடியிருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நேற்று டேப்பில் பிடித்த பாட்டை இப்போதுதான் போட்டுக் கேட்டேன். உங்கள் டோலக் சத்தம்தான் கேட்கிறது. என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பட்டனை நீங்களே அமுக்க வேண்டும் என்று டேப் ரெக்கார்டரை மடியோரம் வைத்துக்கொண்டு, "இன்னும் சத்தமா பாடு புள்ள" என்று என்னை ஏசினீர்கள். நாள் பூராவும் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவளுக்கு அதற்குமேல் ஏது தொண்டை?

இந்தியாவுக்குப் போன தங்கச்சி என் குரலைத்தான் கேட்டு எழுதியிருக்கிறாள். கேசட்டைக் கொண்டுபோக அழகர் அண்ணன் இன்று இருட்டுவதற்குள் வருவார். நான் வந்ததும் திரும்பப் பாடுகிறேன். டேப் பெட்டி உள்ளே காம்பரா அறையில் என் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் டோலக்கோடு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருங்கள். பட்டனை வள்ளி அமுக்குவாள்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வெளியே உட்காரச் சொன்ன கோபத்தில் கதவைச் சாத்திவிடாதீர்கள். உங்கள் தாளம் காதில் விழாமல் எனக்குப் பாட வராது.