லண்டன் மேசையும் சிவப்புக் கார்டும்

தஞ்சோங் கிளிங், மலாக்கா

அன்பு மகள் விஜயராணிக்கு,

மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை, நீயும் மருமகனும் அந்தக் குளிரில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு அனுசியா எழுதுகிறாள், படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். போன வாரம் போனில் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு உன் அம்மா எனக்குத் தேத்தண்ணி வைக்கிறாள், பேச்சுத்தான் இல்லை. ஒரே ஒரு தடவை, பெத்த மகள விருந்தாளின்னு சொன்ன வாய்க்கு இதுவே ஜாஸ்திலா என்றாள்.

வியாழக்கிழமை லண்டனில் அந்த ஊர்க் குடியுரிமைக்கு உறுதிமொழி எடுக்கப் போகிறாய், நம் மலேசியக் குடியுரிமைக்கான நீலக் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீ சொன்னதும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மேசையில வச்சு மலாக்காவக் கைமாத்துனவன் லண்டன்காரன், அவன்கிட்டயா போயி கையத் தூக்குற, இனி இந்த வீட்டுக்கு நீ விருந்தாளிதான் என்று கத்திவிட்டேன். மலாக்கா கைமாறியது பொய்யில்லை, எங்கள் தோட்டத்துத் தங்கராஜு வாத்தியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னே ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் உட்கார்ந்து, சுமத்ராவின் பெங்கூலனுக்கு மலாக்கா என்று மாற்றிக்கொண்டார்களாம், இங்கே இருந்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மெர்டேக்கா, நம் சுதந்திரம், பேசப் போனதும் அதே ஊர்தான். நீ வேலை செய்கிற மாளிகையில்தான் அந்தப் பேச்சு நடந்தது என்றாயே, அதைக் கடைத்தெருவெல்லாம் சொன்னேன், எந்தெந்த நாட்டு மந்திரியோ வந்து பேசுகிற மேசையில் என் மகள் தண்ணீர் கிளாஸ் வைக்கிறாள் என்று.

ஐம்பத்தாறில் அதைப் பேசிவிட்டு லண்டனிலிருந்து திரும்பிய தலைவர்கள் மலாக்காவில் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரச் சேதி சொன்னபோது எனக்குப் பத்து வயது. சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்து லோரியில் உன் தாத்தா மாயாண்டியோடு போயிருந்தேன், கை சிவக்கத் தட்டினார். ஆனால் குடியுரிமைக்குப் பேர் எழுத ஆள் வந்தபோது எழுந்து போகவில்லை. எடுத்தா ஊருல இருக்கிற நெலம் போயிரும்டா என்றார். குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுக்கிற சிவப்புக் கார்டோடே நின்றுவிட்டார். அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு சிவப்புக் கார்டுக்கு வேலை பெர்மிட் கேட்டார்கள், அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் இந்தியாவுக்குக் கப்பலேறும் நாளில், வீம்பு புடிச்சீங்கல்ல, இப்பப் போங்க என்று சொல்லிவிட்டு நான் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போய்விட்டேன். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. துறைமுகத்துக்குத் தனியாகத்தான் போனார். மறுவருஷம் அங்கே இறந்த சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

உன்னிடம் பேசியதும் அதே வாய்தான் தாயி. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க வழியில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

வியாழக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு போ, நெற்றியில் விபூதி இருக்கட்டும், தனியாகப் போகாதே, மருமகனைக் கூட்டிக்கொள். எந்த ஊர்க் கார்டு வைத்திருந்தாலும் நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பாஸ்போர்ட்டில் வந்தால் இங்கே தொண்ணூறு நாள் இருக்கலாம் என்று அனுசியா பார்த்துச் சொன்னாள். தொண்ணூறு நாளும் இருந்துவிட்டுப் போ. விமானம் வருகிற நாளை மறக்காமல் சொல், மூட்டு வலித்தாலும் வந்து நிற்பேன்.

கைநாட்டு,
உன் அப்பா
பெரியதம்பி