யானைகளும் என் கட்டைவிரலும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக்காற்று. வெளியே புழுதி, உள்ளே புழுக்கம். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்து இதை எழுதுகிறேன். இந்த நேரத்துக்கு என் பங்கையும் அம்மா தேய்த்துக்கொண்டிருப்பாள். மன்னிக்கட்டும். எழுதாவிட்டால் யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

கொலு ஆர்டர். இந்த வருஷம் யானை. அப்பா செராமிக் பட்டறையில் மண்கூழை அச்சில் ஊற்றி எடுப்பார். அரை ஈரத்தில் வீட்டுக்கு வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், தும்பிக்கை நுனியிலிருந்து வால்வரை ஒரு கோடு நிற்கும். காய்ந்ததும் அதை உப்புத்தாளால் தேய்த்து, ஈரப்பஞ்சால் துடைத்து, இல்லாமல் ஆக்குவது அம்மா, நான், பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா. காற்றுப் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். அதனால் ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி. ஃபேனும் கிடையாது.

நான் விலங்கியல் படித்தது மல்லிகா அக்காவுக்கு ஒரு வேடிக்கை.

"ஏம்மா பட்டதாரி, எனக்கு நானே கிச்சுகிச்சு மூட்டுனா சிரிப்பே வரல. அடுத்தவங்க மூட்டுனா வருது. ஏன்?"

"நம்ம கை எங்க படப்போவுதுன்னு நம்ம மூளைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்க்கா. தெரிஞ்சத அது பெருசா எடுத்துக்காது."

"எம் புருசனுக்கும் எங் கை தெரிஞ்சிபோச்சி போல. அவுரும் சிரிக்கிறதே இல்ல."

அம்மாகூடச் சிரித்தாள். இன்று முழுக்க நான் பேசியது அந்த ஒன்றுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

ரேஷன். சர்க்கரை, பாமாயில். பருப்பு இல்லை. அம்மா கட்டைவிரல் வைத்தாள், மிஷின் எடுக்கவில்லை. நான் வைத்தேன். துப்பட்டாவில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, மறுபடி வைத்தேன். ம்ஹும். உப்புத்தாள் ரேகையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டது.

கடைக்காரர்: "உங்க வூட்ல யாருக்காச்சும் வெரலு இருக்குதா, இல்ல எல்லாம் கரண்டியா?"

வரிசையே சிரித்தது. கடைசியில் ஃபோனுக்கு எண் வரவழைத்துச் சாமான் போட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் நான் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன்.

ஆய்வக உதவியாளர் தேர்வு இந்த மாதக் கடைசி ஞாயிறு, கடலூரில். வாசலில் ரேகை வைத்தால்தான் உள்ளே என்று ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. வலது கட்டைவிரல். ஃபோனை முதலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இந்த அறையை விட்டு வெளியே போக எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த வாசல்.

படித்தது: ரேகை மேல்தோலில் மட்டும் இல்லை. அடித்தோலில் அதே வடிவம் பத்திரமாக இருக்கிறது. தேய்ப்பதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் மேலே வரும். ஒரு வளைவுகூட மாறாமல்.

நிறுத்தினால்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு அது எப்போதுமே தெரியாது, விரல்தான் பார்க்கும். மதியத்துக்குள் இரண்டு தும்பிக்கை போச்சு.

"இன்னாடி, வெரலுக்குச் சட்ட போட்டுக்கினு வேல செய்யிற? அவுத்து எறி" என்றாள் அம்மா. எறிந்தேன்.

அப்பா வந்து உடைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வுடு. இன்னும் சுடலியே. ஊறவெச்சி மறுபடி ஊத்திக்கலாம்." திட்டியிருந்தால் அந்தக் கோபத்திலாவது, தேய்ப்பதை நிறுத்தட்டுமா என்று கேட்டிருப்பேன்.

நாக்கால் மேல் அண்ணத்தைத் தடவினால் நடுவில் ஒரு மேடு. கருவில் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து ஒட்டிக்கொண்ட இடம். மூக்குக்குக் கீழே உள்ள பள்ளமும் அப்படித்தான். ஆக எல்லாருக்கும் அச்சுக்கோடு உண்டு. யாரும் அதைத் தேய்ப்பதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தலைவலி. துணி துவைக்கவில்லை.

டிவி பக்கத்தில் இருக்கும் பழைய முயல். எட்டாவது படிக்கும்போது நான் அச்சில் அழுத்தி எடுத்தது. தூசி தட்டக் கவிழ்த்தேன். உள்ளே என் கட்டைவிரல், சுட்டு இறுகி, ஒவ்வொரு கோடும் தெளிவாக. சுட்டால் மண் சுருங்கும், அதனால் அப்போதைய என் விரலைவிடவும் சின்னது. ஈர மண்ணில் இப்போதைய விரலை அழுத்திப் பார்த்தேன். வழவழவென்று, கரண்டிதான்.

பேசப் போனால் தொண்டை ஏன் அடைக்கிறது? பயந்தால் ஓட வேண்டும், ஓட மூச்சு வேண்டும், அதற்காகத் தொண்டைக்குள் வழி விரிந்துகொள்ளுமாம். விழுங்கும்போது அது மூடப் பார்க்கும். இரண்டும் இழுத்துக்கொள்வதுதான் அந்தக் கட்டி. ஓடுவதற்காகத் திறக்கிறதாம். எங்கே ஓட? கதவு சாத்தியிருக்கிறது.

கேட்க நினைத்தது: தேர்வு முடியும்வரை தேய்க்க மாட்டேன்.

அம்மாவின் முதுகைப் பார்த்தபின்: கடைசி இரண்டு வாரம் மட்டும்.

ஆர்டர் கொடுத்தவர் ஃபோனில் கத்தியபின்: வலது கைக்கு மட்டும் விடுப்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. ஜன்னல் திறக்கவில்லை.

"கால் மரத்துப்போச்சி பாப்பா. இது ஏன்?" மல்லிகா அக்கா.

"நரம்பு அமுங்கிடிச்சிக்கா. எழுந்து நின்னா சரியாப்போவும்."

"நிக்க வுட்டாத்தான?"

அம்மா நிமிரவே இல்லை.

சாயங்காலம் அப்பா இன்னொரு பலகை யானைகளை இறக்கினார். எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா? மூஞ்சி ஒரு மாரி இருக்குது."

தொண்டை. அண்ணத்து மேட்டை நாக்கால் தொட்டுக்கொண்டேன்.

"பரீட்ச இருக்குதுப்பா. வாசல்ல ரேக வெக்கணும். எங்கிட்ட இல்ல."

கையை நீட்டினேன். பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதிலும் வெள்ளை மண்தான்.

"இப்ப நா இன்னா பண்ணணும், சொல்லு."

"எடக்கையால தேச்சிக்கிறேன்பா. இந்த ஒரு கட்டவெரல மட்டும் எனக்கு வுட்டுடுங்க."