எழுந்து வந்து ஊசியைத் தூக்கட்டும்

மார்ச் 4
பாட்டுச் செயலிக்காரர் இன்று ஃபோனில் வகுப்பே எடுத்துவிட்டார். "மேடம், நீங்க பாட ஆரம்பிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகுது. அதுவரைக்கும் வெறும் வயலினா? ஜனங்க அடுத்த பாட்டுக்குத் தாவிடுவாங்க. வெட்டிடுங்க."

வயலின் வாசித்தது என் தங்கை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டாள். "வெட்டிடலாம்க்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்ட மாட்டேன். ரெக்கார்டாகப் போடுகிறேன், பெரிய கறுப்புத் தட்டாக. தாவ நினைக்கிறவர்கள் எழுந்து வந்து ஊசியைத் தூக்கட்டும், பார்க்கலாம்.

மார்ச் 5
வீட்டுக்காரர்: "ரெக்கார்டா? இப்ப யார் வீட்டுல பிளேயர் இருக்கு?" நம் வீட்டில் இருக்கிறது என்றேன். சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 19
தங்கை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அந்தப் பாட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டும். "முதல்லயே என் வயலினைக் கேட்டா மிச்சத்தைக் கேக்க மாட்டாங்க." பிறகு, சாதாரணமாக: "இதோட வயலினை மூட்டை கட்டிடறேன்க்கா."

இரண்டாம் பக்கத்துக்குச் சரி என்றேன். மூட்டைக்குச் சரி என்று சொல்லவில்லை!

ஏப்ரல் 22
தொழிற்சாலையிலிருந்து மாதிரித் தட்டு வந்தது. இரு பக்கமும் வெறும் வெள்ளை லேபிள். கேட்டுவிட்டு, எது முதல் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கேட்டேன், மறுபடியும் கேட்டேன். என்ன வாசிப்பு அது! எழுதி அனுப்பியாயிற்று.

மே 30
பெட்டிகள் வந்தன. தங்கை ஒரு தட்டை எடுத்து முதல் பக்கத்தை வைத்தாள். அவளுடைய வயலின்.

"வேணும்னேதானே பண்ணினே?"

சத்தியமாக இல்லை. கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வைத்தேன், கையும் அதையே எழுதிவிட்டது. இல்லை — வேண்டுமென்றேதானா? தெரியவில்லை.

தொழிற்சாலைக்காரர், "தட்டு அழுத்தும்போதே லேபிளும் ஒட்டிடும்மா, உரிக்க முடியாது" என்கிறார். உரிக்க வேண்டாம். இப்படியே விற்கிறேன்.

ஜூன் 14
கச்சேரி முடிந்ததும் அரங்க வாசலில் மேஜை போட்டு பிளேயரை வைத்தேன். முதல் பக்கம். தங்கை பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வண்டி எடுக்கக் கிளம்பியவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் பாட ஆரம்பிக்கும்வரை ஒருவர்கூட நகரவில்லை.

"இது வாசிச்சது யாரு?" என்றார் ஓர் அம்மா. தங்கையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். திருட்டுப் பிள்ளை மாதிரி முழித்தாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 15
செயலிக்காரர்: "இப்பவாவது வெட்டினீங்களா?"
இல்லை.

ஆகஸ்ட் 9
பெட்டிகள் காலி. அடுத்த கட்டு அடிக்கத் தொழிற்சாலையிலிருந்து ஃபோன். நான் அடுப்படியில் இருந்தேன், தங்கைதான் எடுத்தாள். இந்த முறை லேபிளை மாற்றிச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டார்களாம்.

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் இருக்கு, அதுல கை வைக்காதீங்க" என்றாள்.